யோதாம் வாசலில் வெடித்த துப்பாக்கிகள்

ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்குகிறது, தூக்கத்தில் இருப்பவனுக்கு முதலில் எட்டுவது அந்த நடுக்கம்தான், அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று மனம் அடையாளம் காண இன்னும் ஒரு மூச்சு பிடிக்கும், அந்த ஒரு மூச்சுக்குள் அது தன் வாசலில்தான் வெடிக்கிறது என்று ஆசகேல் நம்பிவிடுவான், ஒவ்வொரு வருஷமும் நம்புவான், கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு பூட்ஸைத் துழாவுவான், பிறகு அடுத்த வெடி, அதற்கடுத்த வெடி, கூச்சல், சிரிப்பு, எல்லாம் வயலுக்கு அந்தப் பக்கம், ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டு வீட்டில், யோதாம் வாசலில். கால்களை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொள்வான், அந்தக் குளிர்ந்த கால்கள் மேலே பட்டதும் பக்கத்தில் படுத்திருக்கும் அவன் மனைவி கேத்தூராள் தூங்குவதாக நடிப்பதை விட்டுவிட்டு, அவங்க வீடுதாங்க, படுங்க, என்பாள். அவன் படுப்பான், கண்ணை மூடினால் ஒரு கனவு காத்திருக்கும், அதில் அவன் யோதாமின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு யோதாமின் கதவைத் திறக்கிறான், முற்றமெல்லாம் புகை, எல்லோரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள், அவனோ அவர்கள் தலைக்கு மேலாகக் கீழே ஓடைக்கரையில் இருட்டாகக் கிடக்கும் தன் வீட்டைப் பார்க்கிறான், அங்கே ஒருவன் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிகிறது, அது தித்திக்கிறது.

பெராக்கா ஒரு மலையூர், மாசசூசெட்ஸின் மேற்கு ஓரம், வயலில் பொறுக்கிய கல்லை வைத்தே ஊரைச் சுற்றி மதில் எழுப்பியவர்கள், அங்கே உழுகிறவன், செருப்புத் தைக்கிறவன், ஆசகேல் மாதிரித் தோல் பதனிடுகிறவன் என்று கைகால் சரியாக உள்ள அத்தனை ஆண்களும் ஊர்ப்படையில் இருந்தாக வேண்டும், சொந்தத் துப்பாக்கி, சொந்த வெடிமருந்து, வசந்தத்தில் ஒரு நாளும் இலையுதிர்காலத்தில் ஒரு நாளும் சபைக்கூடத்துக்கு எதிரே உள்ள புல்வெளியில் அணிவகுக்க வேண்டும். தங்களுக்குக் கேப்டன் யார் என்பதை அவர்களேதான் தேர்ந்தெடுப்பார்கள், தேர்ந்தெடுத்தவனை அணிவகுப்பு நாள் விடியலில் துப்பாக்கி வெடித்து எழுப்புவதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை, குண்டு போடாமல் வெறும் மருந்தைக் கெட்டித்து, ஓசைப்படாமல் நடந்து வந்து, அவன் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நின்று ஒன்றாக வெடிப்பார்கள், அவன் வாளைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வாங்க என்று சொல்லும்வரை வெடிப்பார்கள், பிறகு ரம், பன்றி இறைச்சி, ஆப்பிள் வைத்துச் சுட்ட அடை, வெயில் ஏறும்வரை சிரிப்பு. இது கேப்டனுக்கு மட்டும்தான், அவனுக்கு அடுத்த பதவியான லெப்டினன்டுக்குக் கிடையாது. ஆசகேல் லெப்டினன்ட்.

என்றாலும் கேத்தூராள் அணிவகுப்புக்கு முந்தின நாளே ஒரு சின்ன ரம் பீப்பாயை அடுப்பங்கரை மூலைக்கு உருட்டிக்கொண்டு வந்துவிடுவாள், அடை சுட்டுத் துணி போட்டு மூடிவைப்பாள், எதுக்கு இது என்று ஒரே ஒருமுறைதான் அவன் கேட்டான், அவங்க வீட்டுல குடிச்சிட்டுத் திரும்பறப்ப நம்ம வாசல்லயும் ஒண்ண வெடிச்சிட்டுப் போவோம்னு ஒருத்தனுக்காவது தோணாமலா போயிடும், என்றாள் அவள். ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. அணிவகுப்பு முடிந்து வீடு திரும்பினால் மேசையில் அந்த அடை இருக்கும், இருவருமாக ஒரு வாரம் அதையே தின்பார்கள், இந்த வருஷமும் நாமளேதான் காலி பண்ணணும் போல என்று அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள், அந்தச் சிரிப்பு வாயில் வைத்ததை விழுங்கவிடாது. பொறாமை என்று சொல்லிக்கொள்ள ஆசகேலுக்கு வெட்கமில்லை, ஊரிடம் சொன்னால்தானே வெட்கம், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கு என்ன, ஆமாம், வயிறு எரிகிறது, பிறந்த வருஷம் ஒன்று, நீந்திய ஓடை ஒன்று, யோதாமிடம் இருக்கிற எதுவும் தன்னிடம் இல்லாமல் இல்லை, அந்தச் சத்தத்தைத் தவிர.

எல்லாம் ஒரு கல் மதிலில்தான் ஆரம்பித்தது, இங்கிலாந்து ராஜாவின் படையோடு போர் நடந்த வருஷம், இருவருக்கும் மீசை சரியாக அரும்பாத வயது, அன்று காலையில் நம் பக்கத்துப் பீரங்கி ஒன்றே குழாய் வெடித்துச் சிதறியது, பக்கத்தில் நின்ற யோதாம் தூக்கி எறியப்பட்டான், இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கழுத்துக்கு இறங்கியது, ஆசகேல்தான் தன் கழுத்துத் துணியை அவிழ்த்துத் துடைத்தான், வலிக்குதா என்று கேட்டான், யோதாம் பதில் சொல்லாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினான், இப்போதும் அந்த முகம் தெரிகிறது, மண்ணும் ரத்தமுமாக, எதையோ தேடுகிற கண்கள். மத்தியானம் ராஜாவின் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் சரிவில் ஏறி வந்தார்கள், பின்வாங்கச் சொல்லி முரசு அடித்தது, முரசு அடித்தால் பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன படை, எல்லோரும் ஓடினார்கள், ஆசகேலும் ஓடினான், ஓடைப் பள்ளத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் மதிலோரம் ஒருவன் மட்டும் நிற்கிறான், அவசரமே இல்லாமல் மருந்தை இடிக்கிறான், சுடுகிறான், மறுபடி இடிக்கிறான், யோதாம். அதைப் பார்த்து முதலில் ஒருவன் திரும்பி ஓடினான், பிறகு பத்துப் பேர், பிறகு வெட்கம் தாங்காமல் எல்லோரும், அந்த மதில் அன்று விழவில்லை, அந்த மத்தியானத்திலிருந்து யோதாம் மதிலில் நின்றவன். முரசை மதித்து ஓடியவனுக்கு யாராவது பட்டம் கொடுப்பார்களா. கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆசகேல், முரசு மட்டும் அடிக்காம இருந்திருந்தா நானும்தான் நின்னிருப்பேன், என்று பொருமினான், கேத்தூராள் நூல் சுற்றுவதை நிறுத்தாமல், அவரு முரசு அடிச்சும் நின்னாரே, என்றாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புல்வெளி, மே மாதம், போர் முடிந்து ஊர்ப்படைக்குப் புதிய கேப்டன் வேண்டியிருக்கிறது, பெராக்காவில் சீட்டு எழுதிப் போடுவது யாருக்கும் பிடிக்காது, மனிதனுக்குப் பின்னால் போய் நிற்பதுதான் அவர்களுக்கு ஓட்டு, போட்டியிடும் இருவரும் ஆளுக்கொரு மேப்பிள் மரத்துக்கு அடியில் சபைக்கூடத்தைப் பார்த்தபடி, படைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரை வேண்டுமோ அவன் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் போய் வரிசை கட்டுவார்கள். ஆசகேல் நின்றான், யோதாம் பத்தடி தள்ளி நின்றான், பின்னால் புல்லை மிதிக்கும் சத்தம் கிளம்பியது, பூட்ஸுகள், நிறையப் பூட்ஸுகள், அவனை நோக்கி வருகின்றன, சத்தியமாக அவனை நோக்கித்தான், யாரோ இருமுவதுகூடக் கழுத்துக்குப் பின்னால் கேட்டது, சபைக்கூடத்தின் வெள்ளைக் கதவு அவனுக்குக் கண்ணீரில் கலங்கியது, என்ன பேசுவது என்று யோசித்தான், நன்றி சொல்வதா, ரம் எவ்வளவு வேண்டும், கேத்தூராளிடம் இப்போதே ஆள் அனுப்ப வேண்டும். திரும்பலாம் என்றார்கள். திரும்பினான், பின்னால் அவன் மைத்துனனும், அவனிடம் தோல் வாங்குகிற செருப்புக்காரர்கள் ஐந்தாறு பேரும், வழி தவறி வந்து நின்ற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள், பூட்ஸுகளெல்லாம் யோதாமுக்குப் பின்னால், மேப்பிள் நிழலையும் தாண்டி ரோடுவரைக்கும் வரிசை. யோதாமோ இன்னும் திரும்பாமலே நின்றான், திரும்பலாம் என்று சொன்ன பிறகும் சபைக்கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், கர்வம் பார் என்று ஆசகேலுக்குத் தோன்றியது, ஒருவன் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினான், திரும்பியவன் தனக்குப் பின்னால் இருந்த கூட்டத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை, ஆசகேலின் முகத்தைத்தான் பார்த்தான், கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தான், பிறகு மெதுவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஆசகேல் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

அந்தப் பார்வைதான், எங்கே போனாலும் அந்தப் பார்வைதான், ஊர்க்கூட்டத்தில் யாராவது யோதாமிடம் ஏதாவது கேட்டால் அவன் உடனே பதில் சொல்ல மாட்டான், கூட்டத்தில் ஆசகேல் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடி, அவன் முகத்தில் கண்ணை நிறுத்தி, பிறகுதான் சரி என்பான் அல்லது வேண்டாம் என்பான், அவன் சொன்னது ஒருமுறையும் தப்பாகப் போனதில்லை, பாருய்யா எவ்வளவு யோசிச்சுப் பேசறாரு என்று ஊர் மெச்சும், நான் எரிவதைப் பார்த்து ரசித்துவிட்டுப் பேசுகிறான் என்பது ஆசகேலுக்கு மட்டும் தெரியும். ரோட்டில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான், யோதாம், யோதாம் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் தோளை நிமிர்த்திக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான், அவ்வளவு தலைக்கனம். அவன் மனைவி மெகேதபேல் நிழல் மாதிரிக் கூடவே வருவாள், விருந்தானாலும் சாவு வீடானாலும் அவன் முழங்காலோடு முழங்கால் ஒட்டித்தான் உட்காருவாள், இத்தனை வயசுக்கு மேலே என்ன கொஞ்சல் என்று பெண்கள் சிரிப்பார்கள், அதைப் பார்த்தாலும் ஆசகேலுக்குப் பொறுக்காது, கேத்தூராள் எப்போதும் பெண்கள் பக்கத்தில்தான் போய் உட்காருவாள்.

அவனை ஊரைவிட்டு அனுப்பினால் என்ன என்று ஒரு குளிர்காலம் முழுக்கத் தோல் ஊறவைக்கும் குழிகளின் நாற்றத்தில் நின்று யோசித்தான் ஆசகேல், பாஸ்டனில் சட்டசபை இருக்கிறது, பெராக்காவிலிருந்து ஒரு உறுப்பினர் போக வேண்டும், போகிறவன் எப்படிக் கேப்டனாக இருப்பான், பதவியை விட்டுத்தானே ஆக வேண்டும், அப்போது அடுத்தவன் யார். ஊர்க்கூட்டத்தில் எழுந்தான், யோதாமைத்தான் அனுப்பணும், அவனவிட்டா யாரு இருக்கா, மதில்ல நின்னவன், பேச்சுக் கொறச்சல், புத்தி ஜாஸ்தி, என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் கள்ளிப்பால் மாதிரித் தொண்டையில் இறங்கியது, காது மடலெல்லாம் சூடாகி முகம் இருண்டுபோனது அவனுக்கே தெரிந்தது, யோதாம் அந்த முகத்தைப் பார்த்தான், சரி, என்றான். கூட்டம் கை தட்டியது, போதகர் வந்து ஆசகேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, வேதத்துல தாவீதுக்கு யோனத்தான் கிடைச்ச மாதிரி, உங்க சிநேகம் இந்த ஊருக்கே ஒரு பாடம், என்றார், அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சட்டசபை கூடுவது கோடையிலும் குளிர்காலத்திலும், அணிவகுப்பு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், இது ஆசகேலுக்கு ஏன் தோன்றாமல் போனது. அக்டோபர் பிறந்ததும் யோதாம் குதிரையில் வந்து இறங்கினான், பழைய கோட்டுக்குப் பதிலாக பாஸ்டனில் தைத்த நீலக் கோட்டு, கேப்டன் பதவியோடு சட்டசபை உறுப்பினர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது, அந்த வருஷம் வழக்கத்தைவிட நிறைய மருந்து வெடித்தார்கள், ஜன்னல் கண்ணாடியில் ஒன்று விரிசலே விட்டது, ஓடைக்கு இந்தப் பக்கம், ஆசகேல் வீட்டில்.

பாஸ்டனிலிருந்து வந்த செய்திகள் அதைவிட மோசம், பெராக்காவின் உறுப்பினர் வாயே திறப்பதில்லையாம், பேசுகிறவர்களின் வாயைக் கண்கொட்டாமல் பார்ப்பாராம், அந்தப் பார்வையில் பெரிய பெரிய பேச்சாளர்களே தடுமாறுகிறார்களாம். பெராக்காவைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசி முடித்தபோது சபையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததாம், எல்லாக் கையும் தூக்கியாகிவிட்டது, ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தான், அதைப் பார்த்த பக்கத்து ஆள் கையை இறக்கினான், பிறகு அவனுக்குப் பக்கத்து ஆள், பெராக்கா பிழைத்தது. மறுபடியும் அந்த மதில். நாலைந்து வருஷம் கழித்து யோதாம் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான், எவ்வளவு கெஞ்சியும் போகவில்லை, பதவி மேல துளிகூட ஆசையில்லாத மனுஷன், என்றது ஊர், வேண்டாமென்று சொல்லக்கூட ஒரு கொடுப்பினை வேண்டும் என்று ஆசகேல் குமைந்தான், தன்னிடம் யார் எதைக் கொடுத்தார்கள், வேண்டாமென்று சொல்ல. வருஷங்கள் போயின, விரிசல் விட்ட கண்ணாடியை அவன் மாற்றவில்லை, விடியலில் அது மற்றக் கண்ணாடிகளைவிட அதிகமாக நடுங்கும், எந்த வருஷத்து விடியல் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே விடியல், ஒரே படுக்கை, ஒரே குளிர்ந்த கால்.

போன குளிர்காலத்தில் மெகேதபேல் இறந்துபோனாள், பனியில் குழி தோண்ட நெருப்பு மூட்ட வேண்டியிருந்தது, அடக்கம் முடிந்து எல்லோரும் ஆறுதல் சொன்னபோது யோதாம் யாருக்கும் பதில் சொல்லவில்லை, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றான், பக்கத்தில் அவள் நிற்க வேண்டிய இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வசந்தத்து அணிவகுப்பன்று வழக்கம்போல மேட்டு வீட்டில் வெடித்தார்கள், ஆசகேல் வழக்கம்போலக் காலைத் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டான், ஆனால் சத்தம் நிற்கவில்லை, வெடித்துக்கொண்டே இருந்தார்கள், வெளுக்கத் தொடங்கியும் வெடித்தார்கள், கொண்டுபோன மருந்தெல்லாம் தீர்ந்து, நன்றாக வெயில் வந்த பிறகு யோதாம் கையில் பால் வாளியோடு கதவைத் திறந்து, முற்றத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து விழித்தானாம். துக்கம், வேற என்ன, என்றார்கள். அன்றைக்கே புல்வெளியில் வைத்து வாளை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டான், இனிமே என்னால ஆகாது, வேற ஆளப் பாருங்க, என்றான்.

மறுபடியும் அந்த மேப்பிள் மரங்கள், இந்தப் பக்கம் ஆசகேல், அந்தப் பக்கம் ஏத்தான் என்கிற இளம் கொல்லன், பாறை மாதிரித் தோள், நல்ல குரல், அவனுக்குத்தான் போகும் என்று ஆசகேலுக்குத் தெரியும், நரைத்த தலையோடு எதற்கு இங்கே வந்து நிற்கிறோம் என்று முழங்கால் கேட்டது. பின்னால் பூட்ஸ் சத்தம் கிளம்பியபோது அவன் அதை நம்பவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளைக் கதவைப் பார்த்தான், ஒரு முறை ஏமாந்தது போதும். முதலில் ஒற்றை ஆளின் நடை, நிதானமான நடை, முதுகுக்கு நேர் பின்னால் வந்து நின்றது, பிறகு கொஞ்சம் பேர், பிறகு நிறையப் பேர், திரும்பலாம் என்றார்கள், அவன் திரும்பவில்லை, ஒரு கை தோளைத் தொட்டது, திரும்பினால் முதல் ஆளாக நிற்பது யோதாம், அவன் பின்னால்தான் மற்றவர்கள், ரோடுவரைக்கும். ஆக, இதையும் அவன்தான் கொடுத்தான், அவன் வந்து நின்றதால் வந்தவர்கள், அவன் எச்சில். கேத்தூராள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள், கேட்டதும் முந்தானை மாதிரி மேலே கட்டியிருந்த ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், என்னங்க, கடைசியில நம்ம வாசலுக்கும் வரப்போறாங்க, என்றாள். அதைக் கேட்டதும் எச்சிலாக இருந்தால் என்ன என்று அவனுக்கே தோன்றியது.

இலையுதிர்காலம் வரக் காத்திருந்தான், கோடை எவ்வளவு நீளம், மரப்பட்டைச் சாற்றுக் குழியில் தோலைப் புரட்டும்போதெல்லாம் அதையே நினைத்தான், ஆனால் நினைத்ததில் புகையில்லை, ரம்மில்லை, தொப்பியைக் கழற்றுகிறவர்கள் இல்லை, மேட்டு வீட்டுப் படுக்கை ஒன்றுதான் இருந்தது, அதில் யோதாம் படுத்திருக்கிறான், துள்ளி எழுந்து காலைத் தொங்கவிடுகிறான், பூட்ஸைத் துழாவுகிறான், பிறகு சத்தம் ஓடைக்குக் கீழே என்று தெரிந்து குளிர்ந்த காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறான், பக்கத்தில் படுங்க என்று சொல்ல ஒருத்திகூட இல்லை. இதைத்தான் இத்தனை வருஷமும் விரும்பினோம் என்று ஆசகேலுக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது, தெரிந்ததில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, விரிசல் கண்ணாடி கிணுகிணுக்கிறது, மூச்சு ஒன்று, அடுத்த வெடி, இந்த முறை சத்தம் எங்கேயும் விலகிப் போகவில்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வருகிறது, மருந்து நெடி உள்ளே நுழைகிறது, எழுந்திரிங்க, நம்ம வாசல், நம்ம வாசல், என்று கேத்தூராள் அவன் தோளை உலுக்குகிறாள், அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கதவுக்குப் போகாமல் ஜன்னலுக்குப் போனான், மேட்டைப் பார்த்தான், யோதாம் வீடு இருட்டாகவே இருந்தது, ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. கதவைத் திறந்தான், உள்ளே வாங்க என்றான், அவர்கள் கூச்சலோடு உள்ளே வந்தார்கள், ஏத்தான் அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான், பீப்பாய் திறந்தது, கேத்தூராள் தட்டுத் தட்டாக அடையைக் கொண்டுவந்தாள், தின்னுங்க தின்னுங்க, இன்னும் இருக்கு, என்று சொல்லும் அவள் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது, ஆசகேல் கையில் கோப்பையோடு வாசலைப் பார்த்தபடியே நின்றான், பசி நேரத்தில் சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி இருந்தது.

வெயில் வந்ததும் யோதாம் வந்தான், வயலைக் கடந்து ஓடைப் பலகையில் ஏறி மெதுவாக வந்தான், ஆசகேல் கோப்பையை வைத்துவிட்டு வேலிப் படலைவரைக்கும் போனான், இதற்குத்தானே காத்திருந்தது, என்ன யோதாம், இவனுங்க பண்ண கூத்துல உன் தூக்கம் கெட்டுடுச்சா, மேடுவரைக்கும் கேட்டிருக்குமே, என்றான், குரலில் தேன் ஒழுகியது. யோதாம் அவன் வாயைப் பார்த்தான், புகை தெரிஞ்சுது, அதான் வந்தேன், என்றான். புகையா, சத்தம் கேக்கலையா, என்றான் ஆசகேல். யோதாம் ஆசகேலின் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்து, யாரும் அருகில் இல்லையென்று தெரிந்துகொண்டு சொன்னான், எனக்கு எதுவுமே கேக்காது ஆசகேல், அந்தப் பீரங்கி வெடிச்ச காலையிலேர்ந்து. அப்ப அந்த முரசு, என்றான் ஆசகேல். எந்த முரசு, என்றான் யோதாம். மதில்ல, பின்வாங்கச் சொல்லி அடிச்சாங்களே. அடிச்சாங்களா, என்றான் யோதாம், அவனுக்கு அது உண்மையிலேயே புதிய செய்தி, நான் திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்ல, பயத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம சுட்டுக்கிட்டே நின்னேன்.

மதில், புல்வெளியில் திரும்பாத முதுகு, ரோட்டில் திரும்பாத தோள், பாஸ்டனில் தூக்காத கை, ஒவ்வொன்றாக ஆசகேலுக்குள் கழன்று விழுந்தது, அப்ப ஊர்க்கூட்டத்துல எப்படிப் பதில் சொன்ன, என்று கேட்டான், கேட்கும்போதே எதுவோ உறைத்தது. நேரா நின்னு பேசினா வாயப் பார்த்தே புரிஞ்சுக்குவேன், விருந்துல மெகேதபேல் முழங்காலால சொல்லுவா, ஆம்பளைங்க கூட்டத்துல அவ பக்கத்துல இருக்க முடியாதே, அங்க உன்னப் பார்ப்பேன், என்றான் யோதாம், உன் மூஞ்சி கறுத்துச்சுன்னா எனக்கு எதோ நல்லது சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம், சரின்னுடுவேன், நீ தெளிவா இருந்தேன்னா வேண்டாம்னுடுவேன், ஒரு தடவகூட நீ என்னக் கைவிட்டதில்ல, பாஸ்டன்ல அந்த மாதிரி ஒரு மூஞ்சி தேடிப் பார்த்தேன், கிடைக்கல, அதான் வந்துட்டேன். கேலியாகச் சொல்கிறானா என்று ஆசகேல் பார்த்தான், இல்லை, நன்றியோடுதான் சொன்னான். ஏன் இத்தனை நாள் சொல்லல, என்றான். செவிடன்னு தெரிஞ்சா யாரு பின்னால நிப்பா, என்றான் யோதாம். உள்ளே போய் இப்போதே சொல்லிவிடலாம், மதிலில் நின்றவன் காது கேட்காமல் நின்றவன் என்று, ரம் குடிக்கும் வாயெல்லாம் அப்படியே நின்றுவிடும், ஆசகேலின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது, ஆனால் அந்தச் செவிடனுக்குக் காதாக இருந்தவன் நான்தான் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும், ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வாசலில் கலைந்துகொண்டிருந்த புகையை யோதாம் பார்த்தான், இத்தனை வருஷமா என் வாசல்ல வெடிக்கிறாங்க, அவ விலாவுல இடிப்பா, எழுந்துபோய்க் கதவத் திறந்தா வெறும் புகையும் அசையற வாயும்தான், என்றான், பிறகு சின்னதாகக் கனைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் எப்படி இருக்கும், நீ சொல்லேன், என்றான். ஆசகேல் வாயைத் திறந்தான், இடி மாதிரி என்று சொல்லலாம், அவன் இடியைக் கேட்டு எத்தனை காலம், ஊரிலேயே அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டவன் ஆசகேல் ஒருவன்தான், ஒவ்வொரு வெடியையும், ஒவ்வொரு வருஷமும், ஒன்று விடாமல், அது யோதாமுடையதாக இருந்ததே இல்லை, அவன் வாசலில் வெடித்ததெல்லாம் கீழே ஓடைக்கரைப் படுக்கைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வா, என்று யோதாமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான், போகிறபோக்கில், இன்னொரு தடவ வெடிங்கடா, மருந்து மிச்சமிருக்கறவன் எல்லாம் வெளிய போங்க, என்றான், கேப்டனாக அவன் கொடுத்த முதல் கட்டளை அதுதான். படுக்கையறைக்குக் கூட்டிப்போய், கலைந்துகிடந்த போர்வையைத் தாண்டி, அந்த விரிசல் கண்ணாடியில் யோதாமின் உள்ளங்கையை விரித்து அழுத்திவைத்தான், அமுக்கியே வச்சிரு, என்று வாயை அகலத் திறந்து சொன்னான்.

கீழே வெடித்தார்கள். கண்ணாடி நடுங்கியது, யோதாமின் விரல்கள் நடுங்கின, அந்த நடுக்கம் மணிக்கட்டு வழியாக ஏறி அவன் முகத்துக்குப் போவதை ஆசகேல் பார்த்தான், வயதான அந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது, மறுபடி வெடித்தார்கள், யோதாம் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சிரித்தான், கண்ணில் நீர் கட்டியது, இன்னொண்ணு, இன்னொண்ணு, என்றான். இன்று விடியலில் தன் வாசலில், தனக்காக வெடித்தபோது தன் முகம் இப்படி மலர்ந்ததா, இல்லை, ஒரு துளிகூட இல்லை, வாழ்நாளெல்லாம் காத்திருந்தது வந்து சேர்ந்த அன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தை யோதாம்தான் எடுத்துக்கொண்டான், ஆசகேலுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது, காது மடல் சுட்டது, முகம் இருண்டது. யோதாம் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே திரும்பி வழக்கம்போல அந்த முகத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தான், நல்ல சத்தம்தான் போலிருக்கு, என்றான்.